குட்டி சைக்கிள்களை ஓட வைப்பது: பிரித்து மாட்டியதில் தெரிந்தவை

சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் ஓடித் தேய்ந்து கெடுவது குறைவு. பிள்ளை வளர்ந்துவிடும், வண்டி மழையில் நின்று துருப்பிடிக்கும். அதனால் ஃபிரேமும் பல்சக்கரமும் நன்றாகவே இருக்க, செயின், பிரேக் வயர், ட்யூப் மூன்றும் போயிருக்கும். மூன்று வண்டி சேர்ந்தால் இரண்டைத் தாராளமாக ஓட வைத்துவிடலாம்.

முதல் வேலை பிரித்து அடுக்குவது. 12, 14, 16, 20 என்று அங்குலம் மட்டும் பார்த்தால் போதாது. டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 20 அங்குலத்திலேயே 406, 451 மில்லிமீட்டர் என இரண்டு ரிம் அளவுகள் உண்டு, ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. அடுத்து, ஹேண்டில் கழுத்துக்குக் கீழே வெல்டிங் ஓரத்தில் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியிருந்தாலோ மயிரிழைபோலத் துருக்கோடு தெரிந்தாலோ அந்த ஃபிரேம் வேண்டாம். உதிரிபாகங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பெடல்கள் மாட்டும் கிராங்க் வளைந்த ஒரே கம்பியாக வந்தால், அதுதான் பலரைத் திணறடிக்கிறது. இடது பெடலும், இடப்பக்க லாக் நட்டும், அதன் உள்ளே பால்ஸ் (பேரிங் குண்டுகள்) உருளும் கூம்பு வடிவ நட்டான கோனும் எதிர்மரை. கழற்ற வலஞ்சுழியாகத்தான் திருப்ப வேண்டும். தெரியாமல் அழுத்தினால் மரை வழித்துவிடும். இந்தக் கிராங்குக்குப் பெடல் 1/2 அங்குலம், இரண்டு கையும் நடு அச்சும் தனித்தனியாக வரும் மூன்று துண்டு கிராங்குக்கு 9/16. மாற்றி மாட்ட முடியாது.

பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, கோனை வெளிச்சத்தில் பாருங்கள். குழி விழுந்திருந்தால் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் கரகரப்பு போகாது, மாற்றத்தான் வேண்டும். பால்ஸில் ஒன்றிரண்டு மட்டும் மாற்றாமல் செட்டாகவே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் சமமாக இறங்காது.

செயின் நடுவில் விரலால் தூக்கினால் சுமார் 12 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். பல்சக்கரம் முழு வட்டமாக இருக்காது, எனவே ஒரு முழுச் சுற்று சுற்றி, இறுக்கமான இடத்தில் பார்த்து வையுங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது பிரேக்குக்குத்தான். பெரியவர் கைக்குப் பிடிக்கும் பிரேக், ஐந்து வயதுக் கைக்குப் பிடிக்காது. சுண்டுவிரலால் மட்டும் லிவரை இழுத்துப் பாருங்கள். வீல் நிற்கவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் பிரேக் வயரை மூடியிருக்கும் அவுட்டர் உறைக்குள் பிடித்த துருவில் இருக்கும். எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் உறையையும் வயரையும் சேர்த்தே மாற்றுங்கள். லிவரில் குட்டி ஸ்க்ரூ இருந்தால், அதைத் திருகி விரல் எட்டும் தூரத்துக்கு உள்ளே கொண்டு வரலாம். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கட்டை டயரில் உரசினால் கொஞ்ச நாளில் டயரை அறுத்துவிடும். பளபளப்பாக இறுகிப்போன கட்டையை உப்புத்தாளால் தேய்த்தால் மறுபடி பிடிக்கும்.

பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் சின்னப் பள்ளத்திலேயே பின் வீல் அந்தரத்தில் சுற்றும், பின் பிரேக்கும் பயன்படாது. ஒரு சென்டிமீட்டருக்குள் இடைவெளி விடுங்கள்.

ஹேண்டில்பார் முனையில் கிரிப் கிழிந்து குழாய் வெளியே தெரிந்தால் அந்த வண்டியைக் கொடுக்கவே கூடாது. விழும்போது அந்த வட்ட விளிம்பு வயிற்றில் குத்தும். முனை மூடிய கிரிப் போட்டு, இழுத்தால் வராதபடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.