எந்த ள?

டிசி இல்லாமல் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா வந்து நின்றார். திருப்பூர்ப் பள்ளிகளுக்கு இது புதிதல்ல. பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளோடுதான் வருகிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பையனுக்கு ஒன்பது வயது. ஆக, 'அ' தெரியாமலே என் நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

முதல் தப்பு என்னுடையது. "ஹிந்தி பேசுற பையன், எல்லாரும் நல்லாப் பார்த்துக்கணும்" என்று வகுப்பில் சொல்லிவைத்தேன். மதியத்துக்குள் 'ஹிந்தி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் ஒடிசாக்காரன், வீட்டில் பேசுவது ஒடியா என்று தெரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை பக்கத்து வகுப்பு டீச்சர் ஹிந்தியில் ஏதாவது கேட்பார், அவன் முழிப்பான், 'கொஞ்சம் மந்தம் போல' என்று நாங்களே பேசிக்கொள்வோம். ஒருநாள் தாகத்தில் "பாணி" என்று தண்ணீர் கேட்டான். பின்னால் இருந்து ஒருத்தன் "பூரி" சேர்த்தான். அப்புறம் ஒரு மாதம் பானிபூரி.

நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணை அவனுக்குத் துணையாக உட்கார வைத்தேன். அவளையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். அவள் அழுதுகொண்டே இடம் மாறினாள். ஒற்றுமை பற்றி அரை மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் கையைக் கட்டிக் கேட்டார்கள், மணி அடித்ததும் அவனை விட்டுவிட்டு ஓடினார்கள். இன்டர்வெல்லில் அவன் தண்ணீர்க் குழாயடியில் நின்று பாட்டிலை நிரப்புவான், கொட்டுவான், மறுபடி நிரப்புவான். விளையாடாமல் நிற்பதற்கு ஒரு வேலை வேண்டுமே.

தீபாவளி முடிந்து ஒருநாள் டிக்டேஷன். பள்ளி, பல்லி, வாளி, வாலி. எங்கள் பிள்ளைகளுக்கு ல, ள இரண்டும் ஒன்றுதான். சிவப்பு மையில் பாதி அதற்கே போகும். அவன் நோட்டில் கால், கொம்பு எல்லாம் தப்பு. ஆனால் ள வரும் இடத்தில் ள இருந்தது. நான் மறுபடி சொல்லிப் பார்த்தேன், மறுபடியும் சரி. பிறகுதான் விசாரித்தேன்: ஒடியாவில் ல, ள இரண்டும் தனித்தனி ஒலிகள், தனித்தனி எழுத்துகள். அவன் காது பிறந்ததிலிருந்தே அதைப் பிரித்துக் கேட்டிருக்கிறது.

வகுப்பில் நான் எதையும் அறிவிக்கவில்லை. அந்தப் புத்தி அதற்குள் வந்திருந்தது. கடைசி பெஞ்ச்காரன் தானாகவே கண்டுபிடித்தான். அடுத்த டிக்டேஷனில் கழுத்தை நீட்டி, "டேய், எந்த ள?" என்று கிசுகிசுத்தான். இவன் நோட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அடுத்த சொல்லைச் சொன்னேன். ஆசிரியர் செய்யக்கூடாத காரியம்தான்.

பொங்கல் லீவு முடிந்த வாரம் மூன்று பேர் மூச்சிரைக்க வந்தார்கள். அதுவரை அவனைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை. ஆட்டத்தில் இருந்தால்தானே புகார் வரும். இப்போது அவன் நிஜப் பெயரைச் சொல்லி, "அழுகுணி ஆட்டம் ஆடுறான் டீச்சர், கோலிக்குண்டைக் காலால தள்ளிட்டான்" என்றார்கள். பின்னாலேயே அவனும் ஓடிவந்தான், முட்டியெல்லாம் மண்.

"இல்லைங்க டீச்சர், இவன்தானுங்க பொய் சொல்றான்!"

குண்டுகளைப் பிடுங்கி டிராயரில் போட்டு, நாலு பேரையும் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.