தண்ணீர் கழிவு

அக்டோபர், நவம்பரில் எந்த வேலைக்கும் தேதி சொல்லாதே என்பார் என் அம்மா. கோத்தகிரியில் அது அனுபவ அறிவு. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மேட்டுப்பாளையம் சாலையில் எந்த வளைவில் மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நான் மென்பொருள்காரன். தேதியும் தொகையும் சொல்வதுதான் என் பிழைப்பு.

கோவையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஓர் அறையில் தொழில் தொடங்கினேன். முதல் பெரிய வேலை ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அவர்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குபவர்கள். எடை போட்டதும் ரசீது, மாதக் கணக்கில் முன்பணமும் உரக் கடனும் பிடித்தம், மீதி பட்டுவாடா. இதை மென்பொருளில் கொண்டுவர வேண்டும்.

“எவ்வளவு ஆகும் தம்பி?” என்றார் முதலாளி.

கோவையில் இருந்தபோது ஒரு பால் சங்கத்துக்கு இதே மாதிரி செய்திருந்தேன். பாலுக்குப் பதில் இலை, லிட்டருக்குப் பதில் கிலோ. பத்து வாரம், மூன்று லட்சம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். இதற்கு ஒப்புமை மதிப்பீடு என்று கௌரவமான பெயர் உண்டு. பழைய வேலையின் செலவை வைத்துப் புதியதைக் கணிப்பது. தவறான முறை இல்லை, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ரயில் பாதை 46 கிலோமீட்டர். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், இறங்குவதற்கு மூன்றரை. அதே ரயில், அதே தண்டவாளம். நான் இறங்கும் ரயிலின் நேரத்தை வைத்து ஏறும் ரயிலுக்குத் தேதி கொடுத்திருந்தேன்.

பால், சங்கத்தைத் தேடி வரும். இலையைத் தேடி லாரி போக வேண்டும். சாலையோரத்தில் தராசைத் தொங்கவிட்டு எடை போடும் இடங்களில் பாதியில் சிக்னல் கிடையாது. ஆகவே செயலி இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். பாலுக்குக் கொழுப்பைப் பார்த்து அன்றே விலை போட்டுவிடலாம். இலைக்கு, ஏல விலையை ஒட்டித் தேயிலை வாரியம் அறிவிக்கும் மாதச் சராசரி விலை வந்த பிறகுதான் கணக்கை முடிக்க முடியும். பெயர்கள் இன்னொரு கூத்து. ஊருக்கு ஊர் போஜனும் பெள்ளியும் இருக்கும் மலை இது. தோட்டம் அப்பா பெயரில், ரசீது மகன் பெயரில், வங்கிக் கணக்கு மருமகள் பெயரில். பழைய பேரேடுகளிலிருந்து ஆட்களைப் பிரித்தெடுக்கவே ஐந்து வாரம் போனது. பத்து வாரம் என்றது இருபத்து நான்கானது. அந்தத் தீபாவளிக்கு மற்ற மூவருக்கும் போனஸ் கொடுத்தேன், எனக்குச் சம்பளம் இல்லை.

சூடு பட்ட பிறகுதான் சூத்திரங்களைத் தேடிப் படித்தேன். பேரி போம் என்ற அமெரிக்கர் 63 திட்டங்களின் தரவுகளை வைத்து 1981-இல் வெளியிட்ட, உழைப்பைக் கணிக்கும் கோகோமோ முறையில், எளிய திட்டம் என்றால் நிரல் எத்தனை ஆயிரம் வரி என்று எடுத்து, 1.05 அடுக்குக்கு உயர்த்தி, 2.4 ஆல் பெருக்க வேண்டும். எங்கள் 5,000 வரிக்குப் போட்டுப் பார்த்தேன், 13 ஆள்-மாதம் வந்தது, அதாவது ஒரே ஆள் செய்தால் 13 மாத வேலை. சரி, ஆனால் எத்தனை வரி வரும் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் நான் ஏன் சூத்திரம் தேடப்போகிறேன்? ஐபிஎம்மில் இருந்த ஆலன் ஆல்பிரெக்ட் 1979-இல் முன்வைத்த செயற்புள்ளி முறை எனக்கு ஒத்துவந்தது. அது வரிகளை எண்ணுவதில்லை. உள்ளே வருபவை, வெளியே போகும் அறிக்கைகள், கேள்விகள், உள்ளே வைக்கும் கோப்புகள், வெளி அமைப்புகளோடு உள்ள தொடர்புகள் என்று எண்ணுகிறது. பால் சங்கத்தில் அந்தக் கடைசி வரிசையில் ஒன்றுமே இல்லை. இலைக்கு வங்கி, குறுஞ்செய்தி என்று இரண்டு. எண்ணியிருந்தால் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்த வேலை, மின்னணுத் தராசை நேரடியாகக் கைபேசியோடு இணைப்பது. இந்த முறை மூன்று புள்ளிக் கணக்கு. நல்லபடி நடந்தால் 4 நாள், வழக்கப்படி 7, மோசமானால் 22. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 9 நாள். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1950-களின் கடைசியில் உருவான பெர்ட் முறையின் கணக்கு இது. ஆனது 19 நாள். தராசு சரிசெய்பவர் கோவையிலிருந்து வர வேண்டும், அந்த வாரம் சாலை அடைப்பு. அந்த 22-ஐச் சொன்ன பையன் காரணமாகச் சொன்னதும் இதையேதான். நாங்கள் சிரித்துவிட்டு 9 என்று எழுதிக்கொடுத்திருந்தோம்.

அதற்கப்புறம் மதிப்பீட்டுச் சீட்டு. 1, 2, 3, 5, 8, 13 என்று எண் போட்ட அட்டைகள். வேலை எவ்வளவு பெரிது என்பதற்கு ஆளுக்கொரு அட்டையை எடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கவிழ்த்துப் போட்டுத் திறக்க வேண்டும், பெரியவர் சொன்னதைப் பார்த்துச் சின்னவர் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஒருநாள் லாரியில் இலை எடை போடும் அண்ணனையும் உட்கார வைத்தோம். மழைநாள் இலைக்குத் தண்ணீர் எடை கழிக்கும் பகுதி. நாங்கள் நாலு பேரும் 3. அவர் 13.

“எவ்வளவு கழிக்கறதுன்னு விவசாயிங்களும் நாங்களும் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்கோம். நீங்க மூணு நாள்ல எழுதிடுவீங்களா?”

எந்தச் சூத்திரமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கடைசியாகப் போன மாதம் முதலாளியிடம் விலைப்புள்ளி கொண்டுபோனேன். நான்கு முதல் ஆறு லட்சம் வரை என்று வீச்சாகச் சொன்னேன். “ஒரே தொகையா சொல்லு தம்பி” என்றார். எதிர்பாராச் செலவு 20 சதவீதம் என்ற வரியில் பேனாவை வைத்தார்.

“அண்ணா, மழைநாள்ல இலைக்குத் தண்ணி கழிக்கிறீங்க இல்ல? இதுவும் அந்த மாதிரிதான்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நான் கழிக்கிறேன், நீ கூட்டறே. ரெண்டும் ஒண்ணா?”

எனக்குப் பதில் வரவில்லை. 20-ஐ அடித்து 12 என்று எழுதினார். முதல் கட்டம் முடிந்ததும் மறுபடி கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற கீழ் வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, அடிக்காமல் விட்டார்.