தாகமெடுத்த கன்றும் சிவப்பணுவும்

கோடையில் காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் மேய்ந்துவிட்டு, நெடுநேரம் தண்ணீர் காணாமல் திரும்பும் கன்றைத் தொட்டியில் வயிறு முட்டக் குடிக்க எங்கள் அப்புச்சி விடமாட்டார். சிறிது சிறிதாகவே காட்டுவார். காரணத்தை அவர் சொன்னதில்லை, ஆனால் காரணம் உண்டு. அளவுக்கு மீறி ஒரே மூச்சில் குடித்த கன்றுக்குச் சில வேளைகளில் சிறுநீர் சிவந்து போகும். அந்தச் சிவப்பு, வெடித்த இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து வெளியேறிய ஹீமோகுளோபின்.

தாவர செல்லுக்கு இருக்கும் செல்லுலோஸ் சுவர் விலங்கு செல்லுக்கு இல்லை. ஆகவே இரத்தத்தின் உப்புச் செறிவு திடீரெனக் குறைந்தால், சவ்வூடு பரவலால் (செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடப்பதால்) நீர் செல்லுக்குள் புகுந்து, அதனை உப்பவைத்து, இறுதியில் மெல்லிய சவ்வையே கிழித்துவிடுகிறது. செறிவு கூடினாலோ செல் சுருங்கும். மருத்துவமனைகளில் இரத்தக் குழாய் வழியே வெறும் நீரை ஏற்றாமல் 0.9 சதவீத உப்புக் கரைசலை ஏற்றுவது இதனால்தான்.

என்னை அதிகம் வியக்கவைப்பது, செல் சும்மா இருக்கும்போதும் உப்பி வெடிக்காமலிருக்க உழைக்கிறது என்பதே. உள்ளே சிக்கிய புரதங்கள் ஓயாமல் நீரை ஈர்ப்பதால், சவ்விலுள்ள பம்பு ஒவ்வொரு சுற்றிலும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. நீர் விரைந்து கடக்கும் வழியான அக்குவாபோரின் புரதத்தைச் சிவப்பணுச் சவ்வில் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தாகத்தில் சிறுநீரகம் நீரை மிச்சப்படுத்துவதும் இதே குடும்பப் புரதங்களைக் கொண்டுதான்.