‘இருளர்’ என்று எழுதி வாங்க 14 மாதம்

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குள் பாம்பு நுழைந்தாலும் முதலில் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். ராத்திரி 2 மணிக்கு வந்துகூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு சாதிச் சான்றிதழ் கேட்டபோது மட்டும் நாங்கள் பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடிதானா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இ-சேவை மையத்தில் அப்பாவின் சான்றிதழைக் கேட்டார்கள். அவருக்கு ஏது? அரிசி ஆலைக் கொட்டகையில் பிறந்தவர். பிறப்பும் பதிவாகவில்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை. என் டி.சி.யில் சாதிக்கு நேராக ஒரு சின்னக் கோடு. சான்றிதழ் கொண்டுவந்தால் எழுதுகிறோம் என்று பள்ளியில் சொன்னார்களாம். இ-சேவை மையத்துக்கு வந்தால், டி.சி.யிலேயே இல்லையே என்கிறார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மற்றவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடி என்றால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். போலியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, சரி. ஆனால் போலி ஆசாமி கட்டுக் காகிதத்தோடு வருவான். வெறுங்கையோடு வந்து நிற்பது நாங்கள்தான்.

விசாரணைக்கு வந்தவர் எதிர்வீட்டில் கேட்டார். அப்பாவை எத்தனையோ முறை கூப்பிட்டுப்போன அதே அண்ணன், “ஏரிக்கரையில இருக்காங்க சார், யாரு என்னன்னு தெரியாது” என்றார். அப்பா கால் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார்.

பழங்குடியினர் சங்கத்து அக்கா ஒருவர்தான் வழி சொன்னார். நிராகரித்த காரணத்தை எழுத்தில் வாங்கு, அப்பா வழி ரத்த உறவில் யாரிடமாவது சான்றிதழ் இருக்கிறதா பார் என்றார். மாசி மகத்துக்கு எல்லா ஊர் இருளரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவோம். அங்கே விசாரித்ததில் பெரியப்பா மகனிடம் இருப்பது தெரிந்தது. அண்ணன் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறார். அவர் சான்றிதழின் நகல், வம்சாவளி எழுதிய உறுதிமொழிப் பத்திரம் இரண்டையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம்.

மறுபடி விசாரணை. குலதெய்வம் எது என்றார்கள். கன்னியம்மா என்றேன். அப்புறம், “பாம்பு பிடிக்கத் தெரியுமா?”

“தெரியாது சார். பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ்.”

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் பாம்பு பிடிப்பதே குற்றம். அதைத்தான் அத்தாட்சியாகக் கேட்கிறார்கள்!

14-ஆவது மாதம் சான்றிதழ் கைக்கு வந்தது. அதற்குள் ஒரு வருஷக் கல்லூரிச் சேர்க்கை போய்விட்டது. தம்பிக்கு என் சான்றிதழை வைத்து விண்ணப்பித்தோம், அலைச்சலே இல்லை.

போன வாரம் எதிர்வீட்டில் பாம்பு. அந்த அண்ணன் வாசலில் வந்து நின்றார். அப்பா ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.