எண்ணெய்க் கறை படாத 37 சமையல் புத்தகங்கள்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அலமாரியில் இருந்த சமையல் புத்தகங்களை எண்ணினேன். 43 இருந்தன. இதில் எதையெல்லாம் உண்மையிலேயே சமைத்துப் பார்த்தேன் என்று தெரிந்துகொள்ள மூளையைக் கசக்க வேண்டியதில்லை, எண்ணெய்க் கறையைப் பார்த்தாலே போதும். கறை பட்டவை 6. மீதி 37-உம் கடையிலிருந்து வந்த அன்றைய பளபளப்போடு அப்படியே இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், நான் தோட்டமே போட்டு வைத்திருக்கிறேன்.

எப்படிச் சேர்ந்தன என்று கேட்காதீர்கள். பாதி, "உனக்குத்தான் சமையல் பிடிக்குமே" என்று பிறந்தநாளுக்கு வந்தவை. மீதி, ஒரு வருடம் ரொட்டி வெறி, அடுத்த வருடம் கேக் வெறி என்று நானே வாங்கியவை.

கொடுத்துவிடலாம் என்று இதற்கு முன்பே ஒருமுறை கிளம்பினேன். ஒரு பெட்டி நிறைய அடுக்கி நூலகத்துக்குக் கொண்டுபோனால் பூட்டியிருந்தது, சரி காலையில் எடுத்துக்கொள்வார்கள் என்று வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி மழை. மறுநாள் போனபோது அங்கிருந்த அம்மா திட்டவில்லை, ஊறி உப்பிப்போன பெட்டியைக் காட்டி, "இதை இனிமேல் நாங்கள்தானே தூக்கிப் போடணும்" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவரிடம் பேசியபோது இன்னொன்றும் புரிந்தது. நன்கொடையாக வரும் புத்தகம் நேராக அலமாரிக்குப் போய்விடாது. ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், எண் ஒட்ட வேண்டும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் சமையலுக்கு 641.5 என்ற எண், பல நூலகங்களில் அந்தத் தட்டு ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் தேவைப்படாததைப் பழைய புத்தக விற்பனையில் வைத்து, அந்தப் பணத்தில் வேறு புத்தகம் வாங்கும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு. அதுவும் நல்லதுதான். ஆனால் தூக்கிக்கொண்டு போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் வெளியிட்டாரே இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், அதில் மூன்றாவது விதி ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. மழைக்குப் பிறகு நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை பெட்டி கிடையாது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் ஆள் தேட வேண்டியது என்று முடிவு செய்தேன். மெதுவான வேலைதான், ஆனால் இதில் இருக்கும் சுகம் பெட்டியில் இல்லை.

அடிப்படைச் சமையல் புத்தகம் முதன்முறையாகத் தனியாக வீடெடுத்துத் தங்கும் பையனுக்குப் போனது. முப்பது பேருக்கு, ஐம்பது பேருக்கு என்று அளவு போட்ட தடிப் புத்தகம் இலவசச் சாப்பாடு போடும் பொதுச் சமையலறைக்கு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது மொழி கற்றுக்கொள்பவர்கள்தான். நறுக்கு, கிளறு, வடிகட்டு என்று சின்னச் சின்ன ஏவல் வாக்கியங்கள், அதே சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும், கூடவே படம். புது மொழி பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வாசிப்புப் புத்தகம் கிடைக்குமா என்ன? அப்படி மட்டும் நான்கு போயின.

கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன். 'முதலில் 84-ஆம் பக்கம் செய்து பாருங்கள்' என்கிற மாதிரி ஒரு வரி. முந்நூறு பக்கப் புத்தகத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தானே நாம் மூடி வைத்தோம்? அளவுகளையும் அதிலேயே எழுதிவிட்டேன். அமெரிக்கப் புத்தகத்தின் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. 350 ஃபாரன்ஹீட் என்றால் கிட்டத்தட்ட 177 செல்சியஸ். இது தெரியாமல் நான் கெடுத்த கேக்குகளின் கணக்கு தனி.

ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய புத்தகத்தை நூலகங்கள் பொதுவாக விரும்புவதில்லை, நியாயம்தான். ஆனால் சமையல் புத்தகத்தில் அந்தக் கிறுக்கல்தான் சொத்து. 'உப்பு பாதி போதும்', 'பொய், 20 நிமிடத்தில் வேகாது' என்று ஒருவர் அடிபட்டு எழுதியதை அச்சிட்ட வரியைவிட நான் அதிகம் நம்புவேன். இவற்றைத் தெரிந்தவர் கையில் நேராகக் கொடுங்கள். ரொம்பப் பழையது, சின்னச் சங்கமோ குழுவோ சொந்தமாக அச்சடித்தது என்றால் அவசரப்படாதீர்கள், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஷ்லெசிங்கர் நூலகம் மாதிரி சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் இடங்களும் இருக்கின்றன.

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. எனக்கு அப்படி ஐந்து தேறின. இரண்டில் பூஞ்சை, கூடவே ராமபாணப் பூச்சி, இதைக் கொடுத்தால் வாங்குகிறவர் அலமாரியும் போச்சு. இரண்டு பழைய மைக்ரோவேவ் புத்தகங்கள், குறைந்த வாட் அடுப்புக்குப் போட்ட நேரக் கணக்கு, இன்றைய அடுப்பில் கரிதான் மிஞ்சும். ஐந்தாவதுதான் ஆபத்தானது: காய்கறிகளைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்துவது பற்றிய பழைய புத்தகம். பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்கு மேல் உள்ள, புளிப்பில்லாத பொருளை வெறும் கொதிநீரில் வைத்து அடைத்தால் பொட்டுலிசம் என்ற உயிரையே பறிக்கக்கூடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் சாகாது. 100 டிகிரி அதற்குப் போதாது, அழுத்தத்தில் அதைவிடச் சூடாக்கும் பிரஷர் கேனர் வேண்டும். அந்தப் புத்தகமோ கொதிநீரே போதும் என்று தைரியமாகச் சொல்கிறது. ஐந்தையும் அட்டையைக் கிழித்துவிட்டு மறுசுழற்சிக்குப் போட்டேன்.

இன்னொன்று, கொடுக்கும் முன் பக்கங்களை ஒருமுறை உதறுங்கள். எனக்கு ஒரு கடிதமும், நான் தொலைத்துவிட்டதாக நினைத்த ஒரு கைப்பட எழுதிய குறிப்பும் விழுந்தன. வேண்டிய ஒன்றிரண்டு குறிப்புகளை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன், அதற்காக முழுப் புத்தகத்தையும் பிடித்து வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

19 போய்ச் சேர்ந்தன. 13 இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன. கடைசியாக ஒரு தோழிக்கு இனிப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ரொம்ப சந்தோஷப்பட்டாள், உள்ளே போய் மூன்று புத்தகத்தோடு வந்து, "நீதான் சமையல் புத்தகம் விரும்பிப் படிப்பியே" என்று கையில் திணித்துவிட்டாள்.