டயர் மாத்துறதுக்கு முதல் ஷொக்கை அளந்து பாருங்கோ

குவாட் பைக், அதுதான் நாலு சில்லு மோட்டர் சைக்கிள், வச்சிருக்கிற ஆக்கள் திருகோணமலைப் பக்கம் கனபேர் இல்ல, ஆனா ரெண்டு பேர் சந்திச்சா கதை கடைசியில வந்து நிக்கிற இடம் டயர்தான். எந்த டயர் மணல்ல பிடிக்கும், எது கிறவல்ல வழுக்கும் எண்டு மணித்தியாலக் கணக்கில கதைப்பாங்கள். பின் சில்லு சும்மா சுத்தினாலும் டயர், வளைவில முன் பக்கம் திரும்பாம நேரா இழுத்துக்கொண்டு போனாலும் டயர்.

டயர் முக்கியமில்ல எண்டு நான் சொல்லேல்ல. ஆனா எவ்வளவு விலை குடுத்து வாங்கின டயரும் நிலத்தைத் தொட்டாத்தானே பிடிக்கும், அந்தரத்தில சுத்துற சில்லுக்கு என்ன டயர் போட்டும் பிரயோசனம் இல்ல. சில்லை நிலத்தோட வச்சிருக்கிறது ஷொக்கின்ட வேலை, அதாவது சில்லுக்கும் வண்டிக்கும் இடையில ஸ்பிரிங்கோட இருக்கிற ஷொக் அப்சோபர். ஷொக் எண்டா மேட்டில ஏறேக்க அமுங்குறதுக்கு எண்டுதான் கனபேர் நினைக்கிறது, அது பாதி வேலைதான். மற்றப் பாதி, பள்ளம் வரேக்க சில்லு கீழ இறங்கி நிலத்தை விடாமப் பிடிக்க வேணும். அதுக்கு ஷொக் விரியிறதுக்கு இடம் மிச்சம் இருக்க வேணும், அதாவது நீங்கள் சீட்டில இருக்கேக்கயே அது கொஞ்சம் அமுங்கின நிலையில நிக்க வேணும்.

எவ்வளவு எண்டால், சில்லு மொத்தமா மேல கீழ போகக்கூடிய தூரத்தில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு. யமஹா ரெப்டர் 700 மாதிரி ஒரு ஸ்போர்ட் குவாட்டுக்கு பின்னால அந்தத் தூரம் 10 அங்குலம் அளவில, அப்ப நீங்கள் ஏறி இருந்தா 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இறங்க வேணும். இதைத்தான் சேக் எண்டு சொல்லுறது.

அளக்கிறது லேசான வேலை, ஆனா தனிய செய்ய ஏலாது, தம்பியையோ மச்சானையோ கூப்பிடுங்கோ. மட்டமான சீமெந்து நிலத்தில வண்டியை விட்டு, பின் பக்கத்தைத் தூக்கி சில்லு நிலத்தை விட்டு எழும்பின உடன அச்சில இருந்து பின் கைபிடிக் கம்பியில ஒரு புள்ளிக்கு டேப் பிடிச்சு அளவைக் குறிச்சுக் கொள்ளுங்கோ. பிறகு இறக்கி, ஓடேக்க போடுற ஹெல்மெட், சப்பாத்து எல்லாத்தோடயும் ஏறி இருந்து ரெண்டு தரம் அமத்தி விட்டிட்டு அதே இடத்தில திருப்பி அளக்க வேணும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கட சேக். ஆள் இல்லாம வண்டி தன்ட பாரத்தில மட்டும் எவ்வளவு இறங்குது எண்டதையும் அளந்து வையுங்கோ, பிறகு தேவைப்படும்.

ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற நட்டை இறுக்கினா வண்டி உயரும், இளக்கினா இறங்கும். இறுக்கினா ஸ்பிரிங் கடினமாகும் எண்டு எங்கட கராஜ்களில கூட சொல்லுவாங்கள், சாதாரண ஒரே சீரான ஸ்பிரிங் எண்டால் அது அப்பிடி இல்ல, ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், நிக்கிற உயரம்தான் மாறுது. உயரமா நிண்டா வடிவா இருக்கு எண்டு முழுக்க இறுக்கி வச்சா ஷொக் விரிஞ்ச நிலையிலயே நிக்கும், பள்ளம் வந்தா சில்லுக்கு இறங்க இடமில்ல, தொங்கும். பிடிப்பு போறது அந்த இடத்திலதான், அந்த நேரத்தில ஆளுக்கு டயர் வழுக்கின மாதிரித்தான் தெரியும்.

ஆள் இருக்கிற சேக்கை சரியாக் கொண்டு வந்த பிறகு ஆள் இல்லாத அளவைத் திருப்பிப் பாருங்கோ. ஆள் இல்லாம வண்டி கொஞ்சமும் இறங்காட்டி உங்கட பாரத்துக்கு ஸ்பிரிங் காணாது, அதனாலதான் அவ்வளவு இறுக்க வேண்டி வந்தது. தன்ட பாரத்திலயே கனக்க இறங்கினா ஸ்பிரிங் உங்களுக்குக் கூடக் கடினம். இது முதல் கேட்கேக்க தலைகீழா இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா இதைப் பார்க்காம ஸ்பிரிங் வாங்கினா காசு வீண்.

அப்ப வண்டியை உயரம் குறைச்சுப் பதிச்சு விட்டா நல்லமோ எண்டு கேட்பீங்கள். வளைவில உள்பக்கச் சில்லில இருந்து வெளிப்பக்கத்துக்குப் பாரம் போறது, பாரமையம் எவ்வளவு உயரத்தில இருக்கு, ரெண்டு சில்லுக்கும் இடையில எவ்வளவு அகலம் எண்டதைப் பொறுத்தது. கணக்குக்கு, ஆளோட 250 கிலோ, மையம் 60 சென்ரிமீற்றர் உயரத்தில, அகலம் 120 எண்டு வச்சா, அரை ஜீ, அதாவது வண்டின்ட பாரத்தில அரைவாசி அளவு பக்க விசை வாற மாதிரி வளைச்சு எடுக்கேக்க 62 கிலோ அளவில வெளிப்பக்கம் போகும், மையத்தை 5 சென்ரிமீற்றர் பதிச்சா அது 57 ஆகும். பதிச்சா கவிழுற பயம் குறையிறது உண்மை. ஆனா ஸ்போர்ட் குவாட்ல பின் ரெண்டு சில்லும் ஒரே அச்சில, டிஃபரென்ஷியல் இல்ல, ரெண்டும் ஒரே வேகத்தில சுத்துறதால வண்டி எப்பவும் நேரா போகத்தான் பார்க்கும், திரும்ப வேணும் எண்டால் உள்பக்கப் பின் சில்லு கொஞ்சம் பாரம் விட வேணும். மட்டமா, இறுக்கமா பதிச்சு வச்சா அது நடக்காது. மற்றது காய்ஞ்ச மணல்ல ஏற்கனவே சில்லு போன தடத்தில வண்டின்ட வயிறு உரசும், அதோட இழுவையும் போச்சு. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில மேல் மணல் மா மாதிரி உதிரும், அப்ப பதிச்ச வண்டிக்காரர் படுற பாடு பார்க்க ஏலாது.

கிறவல் ரோட்டில வேற பிரச்சினை. குச்சவெளிக்கு உள்ளால போற ரோட்டுகளில லொறி ஓடி ஓடி வரிவரியா மேடு விழுந்திருக்கும். அதில ஷொக் திரும்பி விரியிற வேகம் குறைவா இருந்தா முதல் வரியில அமுங்கின ஷொக் விரிய முதல் அடுத்த வரி வந்திடும், அப்பிடியே அமுங்கி அமுங்கிப் போய் கடைசியில ஸ்பிரிங்கே இல்லாத வண்டி மாதிரித் துள்ளும். ஷொக்கின்ட கீழ் முனையில ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தா அதுதான் விரியிற வேகத்தை மாத்துற ரீபவுண்ட் ஸ்க்ரூ, அதை ஒவ்வொரு கிளிக்கா இளக்கிப் பாருங்கோ. இறங்கி நடந்து உங்கட தடத்தைப் பாருங்கோ, டயர் பல்லின்ட அடையாளம் வரியின்ட மேட்டில மட்டும் ஆழமாப் பதிஞ்சு பள்ளத்தில ஒண்டுமே இல்லாட்டி சில்லு பள்ளத்துக்கு இறங்கவே இல்ல. சரி வந்தா பள்ளத்துக்குள்ளயும் பல் பதிஞ்சிருக்கும். ஆனா கனக்க இளக்கினா மேட்டில பின் பக்கம் உதைச்சு எறியும், அதுவும் கூடாது.

உப்புக் காத்தில ஷொக் நட்டின்ட புரிக்குள்ள மணலும் உப்பும் ஏறி இறுகி நிக்கும். பிரஷ் போட்டுக் கழுவி எண்ணெய் விடாமத் திருகாதீங்கோ, அலுமினியப் புரி போனா ஷொக்கே போகும். கடல் தண்ணியில ஓட்டினா அண்டைக்கே நல்ல தண்ணியில கழுவுங்கோ. கரையில அடம்பன் கொடி படர்ந்த மணலுக்கு மேல தயவுசெய்து ஏத்தாதீங்கோ, அந்த மணலைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அந்தக் கொடிதான்.

டயர் காத்தும் இதோட சேர்ந்ததுதான், குவாட் டயருக்கு கனக்க இடத்தில 4, 5 பீஎஸ்ஐதான் காத்து, அதை பெற்றோல் செட்டில இருக்கிற கேஜில சரியாப் பார்க்க ஏலாது, குறைஞ்ச காத்து காட்டுற கேஜ் ஒண்டு தனிய வாங்குங்கோ.

உயரம் மாத்தினா முன் சில்லு ரெண்டும் உள்ளுக்கோ வெளிக்கோ திரும்பி நிக்கிற அளவும் மாறும், அதனால ஆள் ஏறி இருக்கேக்க முன் டயர் ரெண்டுக்கும் இடையில முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து திருத்துங்கோ. செயின் இறுக்கமும் மாறும், பின் அச்சு, ஸ்விங் ஆர்ம் (பின் அச்சைத் தாங்குற கை) வண்டிச் சட்டத்தில பொருந்துற இடம், முன் ஸ்புரொக்கட் மூண்டும் ஒரே கோட்டில வாற நிலையில செயின் கூட இறுகும், அந்த நிலையில கொஞ்சம் தளர்வு இருக்கோ எண்டு பார்த்திட்டு வெளிக்கிடுங்கோ.