தாளின் முன்விளிம்பு இப்போது யார் பிடியில்? அச்சு இயந்திரக் காப்புரிமைகளைப் பரிசோதிக்கப் படித்த அனுபவம்

மெக்கானிக்கல் படித்துவிட்டுக் காப்புரிமைப் பரிசோதனைக்குத் தயாராகிறவர்களுக்கு, அச்சு இயந்திரத்தில் தாளை நகர்த்தும் பகுதி முதல் பார்வையில் சுலபமாகத் தெரியும். ரோலர், பெல்ட், கிரிப்பர் (தாளைக் கவ்வும் பிடி), சென்சார் என்று எல்லாம் பழகிய உறுப்புகள்தான். ஆனால் நாலைந்து கிளெய்ம்களை, அதாவது விண்ணப்பதாரர் எதற்கு உரிமை கேட்கிறார் என்று சொல்லும் வாசகங்களை, அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உறுப்புகளின் பட்டியலைப் போட்டுப் முன்பே வெளியான பழைய ஆவணத்தோடு ஒப்பிட்டால், எதற்குமே காப்புரிமை தர முடியாது என்று தோன்றிவிடும். மறுபக்கம், ஏதோ ஒரு சொல் மாறியிருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் தரலாம் என்றும் தோன்றும்.

எனக்கு இந்தத் துறை பிடிபட்டது ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான்: இந்த நொடியில் தாளின் முன்விளிம்பு யார் பிடியில் இருக்கிறது? இந்தத் துறைக் கண்டுபிடிப்பு பெரும்பாலும் உறுப்பில் இருப்பதில்லை. ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குத் தாள் கைமாறும் நேரத்தில் இருக்கிறது. யார் முதலில் பிடிக்கிறார், யார் எப்போது விடுகிறார், இடையில் தாள் எந்த வேகத்தில் போகிறது என்பவைதான் விஷயம்.

அதனால் சட்டத்துக்கு முன்னால் இயந்திரத்தைப் படியுங்கள் என்பேன். தனித்தனித் தாளாக ஊட்டி அச்சிடும் ஷீட்ஃபெட் ஆஃப்செட் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அடுக்கின் மேல் தாளை உறிஞ்சு தலை தூக்குகிறது. ஃபீட் போர்டில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறினாற்போல வருகின்றன. ஃப்ரன்ட் லே என்ற முன்தடுப்பில் முட்டி நிற்கின்றன, சைடு லே பக்கவாட்டில் இழுத்துச் சரிசெய்கிறது. அப்புறம் ஸ்விங் கிரிப்பர் தாளைப் பிடித்து, நின்ற நிலையிலிருந்து சிலிண்டரின் வேகத்துக்குக் கொண்டுபோய் அதன் கிரிப்பரிடம் ஒப்படைக்கிறது. மணிக்கு 18,000 தாள் ஓடும் இயந்திரத்தில் ஒரு தாளுக்குக் கிடைப்பது 0.2 நொடி. நிறுத்துவது, நேராக்குவது, பிடிப்பது, வேகமெடுப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

தாள்கள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வர வேண்டும்? அப்படி வந்தால், அதே எண்ணிக்கைத் தாளை மெதுவான வேகத்திலேயே லேக்குக் கொண்டுசேர்க்கலாம். மெதுவாக முட்டும் தாள் எகிறித் திரும்புவதில்லை, விளிம்பு மடங்குவதில்லை. இந்தக் காரணம் தெரியாமல் படித்தால், ஒரு கிளெய்மில் 'முந்தைய தாளின் பின்விளிம்பு விலகும் முன் அடுத்த தாள் உறிஞ்சப்படுகிறது' என்ற வரி வெறும் அலங்காரம் மாதிரித் தெரியும். தெரிந்து படித்தால் அதுதான் கிளெய்மின் உயிர் என்று புரியும்.

டிஜிட்டல் பிரின்டரில் இதற்கு இணையான இடம் ரிடார்டு ரோலர். ஃபீட் ரோலர் தாளை முன்னே தள்ளுகிறது. எதிரே உள்ள ரிடார்டு ரோலருக்கு டார்க் லிமிட்டர் (ஓர் அளவுக்கு மேல் முறுக்கு விசை வந்தால் வழுக்கிவிடும் இணைப்பு) வழியாகப் பின்னோக்கிய விசை கொடுத்திருப்பார்கள். ஒரே தாள் இருந்தால் ரப்பருக்கும் தாளுக்கும் இடையேயான உராய்வு லிமிட்டரை மீறிவிடும், ரிடார்டு ரோலரும் கூடவே சுழலும். இரண்டு தாள் நுழைந்தால் தாளுக்கும் தாளுக்கும் இடையே உராய்வு குறைவு, லிமிட்டரை மீற முடியாது. அதனால் கீழ்த்தாள் அங்கேயே தடுக்கப்படும். இந்த இரண்டு உராய்வுகளின் வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், தாளைப் பிரிப்பது பற்றிய நூற்றுக்கணக்கான ஆவணங்கள் எதை மாற்றப் பார்க்கின்றன என்று சட்டென்று தெரியும்.

சரி, கிளெய்முக்கு வருவோம். நானே பயிற்சிக்காக எழுதிக்கொண்ட ஒரு மாதிரி இது. தாளைக் கொண்டுவரும் முதல் ரோலர் ஜோடி, அடுத்து தாளை நேராக்கி உரிய நேரத்தில் அனுப்பும் ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் ஜோடி, ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி. சுழலாமல் நிற்கும் ரெஜிஸ்ட்ரேஷன் ரோலரில் முன்விளிம்பு முட்டுகிறது. முதல் ஜோடி தொடர்ந்து தள்ள, தாளில் ஒரு வளைவு உண்டாகி, கோணல் நேராகிறது. பிறகு ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் சுழன்று தாளைப் பிடித்ததும், முன்விளிம்பு படம் பதியும் இடத்தை அடையும் முன், முதல் ஜோடியின் அழுத்தம் விடுவிக்கப்படுகிறது.

தேடலில் இரண்டு ஆவணங்கள் கிடைக்கின்றன என்று வையுங்கள். முதலாவதில் முட்டுவது, வளைவு, சுழற்சி எல்லாம் உண்டு, அழுத்தத்தை விடுவிப்பது மட்டும் இல்லை. இரண்டாவதில் ரோலர் ஜோடியைப் பிரிக்கும் நெம்புகோல் இருக்கிறது, ஆனால் தாள் சிக்கினால் மூடியைத் திறந்து கையால் இழுத்தெடுப்பதற்காக. உறுப்புப் பட்டியல் போட்டால் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிடும். இரண்டையும் சேர்த்து இன்வென்டிவ் ஸ்டெப் (துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றிவிடாத முன்னேற்றம்) இல்லை என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். நின்றுபோன இயந்திரத்தில் கையால் பிரிப்பதும், ஓட்டத்தின் நடுவே குறிப்பிட்ட இடைவெளியில் பிரிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஆவணத்தை முதலாவதோடு சேர்த்தாலும் கிளெய்ம் சொல்லும் நேரம் கிடைக்காது.

இப்போது மூன்றாவதாக ஒரு ஸ்கேனரின் தாள் ஊட்டி வருகிறது. அதில் முன்புற ரோலர் தாளைப் பிடித்தவுடன் பின்புற ஜோடி விலகுகிறது. காரணமும் எழுதியிருக்கிறது: நேராக்கிய முன்பகுதியை, இன்னும் கோணலாகப் பிடிபட்டிருக்கும் பின்பகுதி திரும்ப முறுக்கிவிடக் கூடாது. இதே சிக்கல் முதல் ஆவணத்தின் அமைப்பிலும் இருக்கிறது. அந்தச் சிக்கலைத் தீர்க்க நினைக்கும் துறை வல்லுநர் தாள் ஊட்டிகளைப் பார்ப்பாரா? நிச்சயம் பார்ப்பார். இப்போது ஆட்சேபம் நிற்கும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பிராப்ளம்-சொல்யூஷன் முறை இதைத்தான் படிப்படியாகக் கேட்கிறது: மிக நெருங்கிய ஆவணம் எது, வேறுபாடு எது, அதனால் என்ன பலன், அந்தப் பலனுக்காக வல்லுநர் இப்படிச் செய்திருப்பாரா. செய்ய முடியுமா என்பது போதாது, செய்திருப்பாரா என்பதே கேள்வி.

இன்னொரு நுணுக்கம். முதல் ஆவணத்தில் ஒருவழிக் கிளட்ச் இருந்து, முதல் ஜோடி தாளோடு சும்மா சுழல்கிறது என்று வையுங்கள். 'அழுத்தத்தை விடுவிக்கும்' என்ற கிளெய்முக்கு அது சமமல்ல, ரோலர்கள் இன்னும் தாளை அழுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. கிளெய்ம் 'பின்னிழுவையைக் குறைக்கும் சாதனம்' என்று அகலமாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் கிளட்ச் ஒன்றே புதுமையைக் காலி செய்யக்கூடும். புதுமைக்கு எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு அம்சமும் எவ்வளவு அகலம் என்று அளப்பதில்தான் உழைப்பு.

தேடலைச் சொற்களை நம்பித் தொடங்க வேண்டாம். ஒரே ரோலரை ஒரு நிறுவனம் ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் என்கிறது, இன்னொன்று டைமிங் ரோலர் என்கிறது. காப்புரிமை ஆவணங்களைத் துறைவாரியாகக் குறியீடு போட்டுப் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டை நம்புங்கள். பி65ஹெச் 3 அடுக்கிலிருந்து பிரிப்பது, 5 பிரித்த தாளை ஊட்டுவது, 7 ஊட்டலைக் கட்டுப்படுத்துவது, 9 நேராக்குவது, 29 வெளியே தருவது. அச்சு இயந்திரத்துக்குள்ளேயே தாளைக் கடத்தும் கிரிப்பர், டிரம் எல்லாம் பி41எஃப் 21. பிரின்டர் பக்கம் பி41ஜே 11, 13. இவற்றோடு நிறுத்திவிடவும் கூடாது. ரூபாய் நோட்டு எண்ணும் இயந்திரமும் தபால் பிரிக்கும் இயந்திரமும் இதே சிக்கலோடுதான் போராடுகின்றன, ஜி07டி, பி07சி வரை போய்ப் பாருங்கள். ஜப்பானிய ஆவணங்கள் இந்தத் துறையில் மிக அதிகம். ஜே-பிளாட்பாட் என்ற ஜப்பானியக் காப்புரிமைத் தேடல் தளத்தில், எஃப்-டெர்ம் என்ற அவர்களுடைய வகைப்பாட்டுக் குறியீடுகள் வழியாகத் தேடினால் நோக்கம், அமைப்பு, கட்டுப்பாடு என்று தனித்தனி கோணத்தில் வடிகட்டலாம். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் அவ்வளவும் தகும்.

வரைபடங்களைப் பற்றி ஒன்று. படத்தில் தெளிவாகத் தெரியும் அமைப்பை ஆதாரமாகக் காட்டலாம். ஸ்கேல் வைத்து அளந்து 'இந்த இடைவெளி அதைவிடக் குறைவு' என்று எழுதக் கூடாது. அவை பெரும்பாலும் அளவுக்கு வரைந்தவை அல்ல.

இந்தியச் சட்டத்தின்படி எழுதுகிறவர்கள் 3(எஃப்) பிரிவைக் கவனமாகக் கையாள வேண்டும். தெரிந்த சாதனங்கள் தெரிந்த முறையில் ஒன்றையொன்று சாராமல் வேலை செய்யும்படி வெறுமனே அடுக்குவது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அது. இரட்டைத் தாளைக் கண்டறியும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒருபக்கம், டெலிவரி செயின் ஒருபக்கம், இரண்டுக்கும் பேச்சே இல்லை என்றால் அந்தப் பிரிவு பொருந்தலாம். சென்சாரின் சிக்னல் வந்ததும் கிரிப்பர் மூடும் நேரம் மாறுகிறது என்றால் கதை வேறு. அங்கே 3(எஃப்) எழுதினால் விண்ணப்பதாரர் ஒரே பத்தியில் உடைத்துவிடுவார், அது நியாயமும்கூட.

பயிற்சிக்கு எனக்கு மிகவும் உதவியது பொதுவில் கிடைக்கும் கோப்புகள். ஐரோப்பிய ரெஜிஸ்டரிலும் அமெரிக்காவின் பேடன்ட் சென்டரிலும் விண்ணப்பம், தேடல் அறிக்கை, ஆட்சேபம், பதில் எல்லாவற்றையும் படிக்கலாம். முதலில் கிளெய்மையும் அறிக்கையில் எக்ஸ், ஒய் என்று குறித்த ஆவணங்களையும் மட்டும் எடுங்கள். எக்ஸ் என்றால் தனியாகவே கிளெய்மைப் பாதிக்கும் ஆவணம், ஒய் என்றால் மற்றொன்றோடு சேரும்போது பாதிப்பது. ஆட்சேபத்தை நீங்களே எழுதுங்கள். பிறகுதான் பரிசோதகர் எழுதியதைத் திறக்க வேண்டும். அதற்கும் பிறகு, விண்ணப்பதாரர் கிளெய்மில் புதிதாகச் சேர்த்த சொற்களை அடிக்கோடிடுங்கள். நான் படித்த கோப்புகளில் புதிய உறுப்பு சேர்வது குறைவு. 'பிடித்த பிறகு', 'அடையும் முன்', 'வேகம் சமமாகும் வரை' என்ற மாதிரி வார்த்தைகளே அதிகம் சேர்ந்தன.

விடை எழுதும்போது அட்டவணையில் ஒவ்வொரு அம்சத்துக்கும் எதிரே ஆவணத்தின் பத்தி எண்ணையும் படத்தின் குறி எண்ணையும் போடுங்கள். பிடிப்பது, விடுவது, வேகம் மாறுவது ஆகியவற்றுக்குத் தனி வரி ஒதுக்குங்கள். அந்த வரிக்கு எதிரே எழுதப் பத்தி எண் கிடைக்கவில்லை என்றால் காலியாகவே விட்டுவிட்டு, மறுபடி தேடப் போங்கள்.